இரத்தம் சொன்னால்தான் நம்புவீர்களா?

"எனக்கு உடம்பு முடியவில்லை" என்று ஒரு பெண் சொன்னால் நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? லூபஸ் என்ற நோயின் கதையைப் படித்தால் தெரிந்துவிடும். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே அயலாகக் கொள்வதால் வரும் நோய் இது. தோல், மூட்டு, சிறுநீரகம், இதயம், நுரையீரல், மூளை என்று எந்த உறுப்பையும் தொடலாம். இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் 15க்கும் 45க்கும் இடைப்பட்ட வயதினர். படிக்கிற, வேலைக்குப் போகிற, கல்யாணம் பேசப்படுகிற, பிள்ளை பெறுகிற வயது.

தொடக்கத்தில் இந்நோய் காட்டும் அறிகுறிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் மடங்காது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராது. கொத்துக் கொத்தாக முடி உதிரும். வாயில் புண் வரும். வெயிலில் போய்வந்தால் இரு கன்னங்களும் மூக்கின் மேடும் சிவந்து தடிக்கும். அடிக்கடி லேசாகக் காய்ச்சல் அடிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது. அசதி என்றால் சோம்பல். மூட்டு வலி என்றால் வேலைக்கள்ளம். முடி உதிர்ந்தால் உப்புத் தண்ணீர். வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு. கன்னம் சிவந்தால் மங்கு. காய்ச்சல் என்றால் பரீட்சைப் பயம். எல்லாம் சேர்ந்து வந்தால் "இவ உடம்பு வணங்காதவ". ஆறு அறிகுறிகளும் ஒரே நோயினுடையவை என்று யோசிக்க வேண்டுமானால், ஆறையும் சொல்பவள் உண்மை சொல்கிறாள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெண்ணின் வாய்ச்சொல்லைத் தள்ளிவிட்டு அவளுடைய இரத்தத்தின் சொல்லுக்குக் காத்திருக்கும் வழக்கத்தை எதிர்த்து இதை எழுதுகிறேன். இரத்தம் பேசிய பிறகு அது சொன்னதையும் அவளுக்கு எதிராகவே திருப்பும் வழக்கத்தை எதிர்த்தும் எழுதுகிறேன். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள்.

*

இரத்தம் எப்படிப் பேசுகிறது? கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள நம் உடல் உண்டாக்கும் புரதங்களுக்கு எதிர்ப்பான்கள் என்று பெயர். லூபஸில் உண்டாகும் சில எதிர்ப்பான்கள் நம் சொந்த உயிரணுவின் உட்கருவை, அதிலுள்ள டி.என்.ஏ.வை, அதைச் சார்ந்த புரதங்களைப் பற்றுகின்றன. இவற்றைத் தன்னெதிர்ப்பான்கள் எனலாம். பரிசோதனைச் சீட்டில் ஏ.என்.ஏ., டி.எஸ். டி.என்.ஏ., எஸ்.எம்., ரோ, லா என்றெல்லாம் வருபவை இவைதாம்.

அமெரிக்க ராணுவம் தன் படையினரின் இரத்தச் சீரத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் உடையது. பின்னாளில் லூபஸ் என்று கண்டறியப்பட்ட 130 பேரின் பழைய சீரத்தை எடுத்துச் சோதித்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. அவர்களில் 115 பேருக்கு, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும் முன்பே ஏதாவதொரு தன்னெதிர்ப்பான் இரத்தத்தில் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் அவர்கள் வலியோடு இருந்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்த நாள்தான் நோய் தொடங்கிய நாள் என்ற நம் எண்ணம் தவறு என்பதை அது காட்டிவிட்டது. பெயர் வருவதற்கு வெகு முன்பே உடலில் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த இடைக்காலத்தில் ஒரு பெண் "முடியவில்லை" என்று சொன்னால் அவளைப் பொய்யள் என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

கல்லூரியில் நான் தினமும் பார்ப்பது இது. 75 விழுக்காடு வருகை வேண்டும். குறைந்தால் கண்டொனேஷன் கட்ட வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும். சான்றிதழுக்கு நோயின் பெயர் வேண்டும். பெயரில்லாத வலிக்குச் சான்றிதழ் கிடையாது. இரண்டு ஆண்டுகள் இப்படி அலைக்கழிந்த ஒரு மாணவிக்குக் கடைசியில் பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. அவள் என்னிடம் வந்து அழுவாள் என்று நினைத்தேன். "இனிமே வீட்ல நம்புவாங்கல்லம்மா" என்றாள். வாழ்நாள் முழுவதும் மாத்திரை போட வேண்டிய நோய் உறுதியானதில் ஒரு பெண் நிம்மதி அடைகிறாள் என்றால், அவளைச் சுற்றியிருந்தவர்கள் அதுவரை அவளை எந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். சாட்சி கிடைத்ததால் விடுதலை.

*

அந்தச் சாட்சியை உருவாக்கியவர்கள் யார் என்றும் பார்ப்போம். சீட்டில் எஸ்.எம். என்று இரண்டெழுத்து இருக்கிறதல்லவா? நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் எங் டான், ஹென்றி குங்கல் என்ற இருவர் 1966இல் விவரித்த எதிர்ப்பான் அது. ஸ்மித் என்ற லூபஸ் நோயாளியின் சீரத்தில் அதைக் கண்டார்கள். அந்த இளம்பெண்ணின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகள்தாம் எஸ்.எம். ரோ, லா என்ற பெயர்களும் இப்படி நோயாளிகளின் பெயர்களிலிருந்து வெட்டியெடுத்த எழுத்துகளே. ஆள் போய்விடுகிறாள், எழுத்து மட்டும் நிற்கிறது.

அந்த எழுத்துகள் உலகத்துக்குச் செய்தது கொஞ்சமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, தம் மாணவர் மைக்கேல் லெர்னருடன் சேர்ந்து, லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்பான்களையே கருவியாக வைத்து உயிரணுவுக்குள் தேடினார். மரபணுவின் செய்தி புரதமாவதற்கு முன் அதில் வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டும் வேலையில் ஈடுபடும் நுண்துகள்களை அவை பிடித்துக் கொடுத்தன. 1979, 1980ஆம் ஆண்டுகளில் வெளியான அந்த ஆய்வுகள் உயிரியலின் அடிப்படைப் பாடங்களாகிவிட்டன. "நோயாளி இரத்தம்" என்று ஒதுக்கப்பட்டது பாடப்புத்தகத்தை எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ.என்.ஏ. பரிசோதனைக்கு மனித உயிரணுக்கள் தேவை. அவை பரப்பப்பட்ட கண்ணாடித் தகட்டின் மேல் நோயாளியின் சீரத்தை இட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உலகமெங்கும் இதற்குப் பயன்படும் உயிரணு வகைக்கு ஹெப்-2 என்று பெயர். குரல்வளைப் புற்றிலிருந்து எடுத்தது என்று முதலில் எழுதி வைத்திருந்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது அது ஹீலா உயிரணுவின் வழி வந்தது என்று தெரிந்தது. ஹீலா என்பது ஹென்ரியெட்டா லாக்ஸ். கருப்பைவாய்ப் புற்றால் 1951இல், 31 வயதில் இறந்த கறுப்பினப் பெண். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருடைய உயிரணுக்களை எடுத்தபோது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த உயிரணுக்களை விற்றுப் பொருளீட்டிய ஒரு பெருநிறுவனத்துடன் அவருடைய வாரிசுகள் 2023இல்தான் ஒரு சமரசத்துக்கு வர முடிந்தது.

ஆக, மதுரையில் ஒரு பெண் சொல்வது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள, கேட்காமல் எடுக்கப்பட்ட இன்னொரு பெண்ணின் உயிரணுக்களின் மேல் அவளுடைய சீரத்தை ஊற்றிப் பார்க்கிறோம். இவ்வளவு சுற்றி வருகிறவர்களுக்கு அவள் முகத்தைப் பார்த்து "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதுதான் கடினமாக இருக்கிறது.

*

நம் ஊருக்கு வருவோம். நான் ஆனையூரில் இருக்கிறேன். மதுரை வட்டாரத்தில் "மரபணு" என்ற சொல் டீக்கடை வரை போனது 2008 வாக்கில். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் பங்கேற்ற ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் எம்-130 என்ற மரபணுக் குறியீடு இருப்பது தெரிய வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்துவந்த முதல் மனிதக் கூட்டத்தின் தடம் அது என்றார்கள். அறிவியலாக அது மதிக்கத்தக்க கண்டுபிடிப்பு. எனக்கு வழக்கு அதைக் கொண்டாடிய விதத்தின் மேல்தான். எம்-130 இருப்பது ஒய் குரோமோசோமில். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது அது. அந்த இளைஞரின் உடன்பிறந்த பெண்ணுக்கு அது இருக்காது. அவருடைய தாய்க்கும் இருந்திருக்காது. நடந்துவந்த அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதை ஒய் குரோமோசோம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஆணிடம் கண்ட குறியீடு குலப்பெருமை ஆயிற்று, மேடை ஏறிற்று. பெண்ணிடம் காணும் குறியீடு என்ன ஆகிறது என்பதைக் கீழே பாருங்கள்.

புதுச்சேரி ஜிப்மரின் நோயெதிர்ப்பியல் துறையினர் லூபஸ் நோயாளிகளின் மரபணுக்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் "தென்னிந்தியத் தமிழர்" என்று குறிக்கப்படுகிறார்கள். டி.எல்.ஆர்.-2, டி.எல்.ஆர்.-9 என்ற மரபணுக்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு முக்கியமான கேள்வியை எழுப்பியது. கிருமிகளை முதலில் அடையாளம் காணும் காவல் மரபணுக்கள் இவை. தொற்றுநோய்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில் இந்த மரபணுக்கள் பெற்ற வடிவமே இன்று தமிழர்களிடம் லூபஸுக்கு இடம் கொடுக்கிறதோ என்பது அந்தக் கேள்வி. அம்மையிலும் காய்ச்சலிலும் பிழைத்த பாட்டிகளின் சொத்து பேத்திக்கு இப்படி வந்து சேர்ந்திருக்கலாம். இதற்கு மேடை இல்லை. லூபஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் "தென்னிந்தியத் தமிழர்" என்ற அந்தச் சொல்லுக்குள் இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள்தாம். இனத்தின் பெயர் வெளியே தெரிகிறது, பாலின் பெயர் உள்ளே மறைந்துவிடுகிறது.

இந்தியாவில் லூபஸ் எத்தனை பேருக்கு என்று கேட்டால் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது தில்லிக்கு அருகே கிராமப்புறத்தில் எடுத்த ஒரு கணக்கு. 1993இல் வெளியானது. ஒரு லட்சம் பேருக்கு 3.2 பேர். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய, ஒரு வட்டாரத்துக் கணக்கை வைத்துக்கொண்டு "இது அபூர்வ நோய்" என்று சொல்லிவிடுவது எளிது. நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து இன்ஸ்பயர் என்ற பெயரில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை நடத்துவது நல்ல தொடக்கம். மருத்துவமனை வரை வந்தவர்களை அது எண்ணும். மங்கு என்று மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருப்பவளை யார் எண்ணுவது?

*

பெண்களுக்கே ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கு அறிவியல் இப்போதுதான் தெளிவான பதில்களை நோக்கி நகர்கிறது. பெண்ணின் உயிரணுவில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. இரண்டும் முழு அளவில் வேலை செய்தால் புரதங்கள் இரட்டிப்பாகும் என்பதால் ஒன்றை உடல் அடக்கி வைக்கிறது. அடக்கும் வேலையைச் செய்வது எக்ஸிஸ்ட் என்ற நீண்ட ஆர்.என்.ஏ. அது பல புரதங்களைச் சேர்த்துக்கொண்டு எக்ஸ் குரோமோசோமைப் போர்த்துகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் சாங்கின் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் எலிகளின் உடலில் இந்த ஆர்.என்.ஏ.வை உருவாகச் செய்தார்கள். தன்னெதிர்ப்பு நோய்க்கு எளிதில் ஆளாகும் இனத்து ஆண் எலிகள் பெண் எலிகளைப் போலவே நோய்ப்பட்டன. அடக்கி வைத்த எக்ஸிலும் சில மரபணுக்கள் அடங்காமல் வேலை செய்கின்றன. டி.எல்.ஆர்.-7 அவற்றில் ஒன்று. ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு அந்த ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒரே மாற்றம் லூபஸை உண்டாக்கியது என்று 2022இல் கரோலா வினுயேசாவின் குழு நிறுவியது. எக்ஸ் எக்ஸ் ஒய் என்ற அமைப்போடு பிறக்கும் ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு லூபஸ் வருகிறது என்பதும் 2008லேயே தெரிந்த செய்தி.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "பெண்களின் மனசுதான் இந்நோய்க்குக் காரணம்" என்ற பேச்சு படித்தவர்களிடமும் இருக்கிறது. கோபத்தை விழுங்குகிறவளுக்கு வரும், தன்னைத்தானே வெறுக்கிறவளுக்கு வரும் என்கிறார்கள். நம் பெண்ணியக் கூட்டங்களிலேயே, ஆணாதிக்கத்தை உள்வாங்கிக்கொண்ட பெண்ணுடல் தன்னையே தாக்குகிறது என்று ஒருவர் உருக்கமாகப் பேச, மற்றவர்கள் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன். கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் அந்த உருவகத்தின் கவர்ச்சி எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்கிறேன், அதைக் கீழே போடுங்கள். ஆய்வகத்து ஆண் எலி எந்த மாமியாரிடம் கோபத்தை விழுங்கியது? நோயை உருவகமாக்குவது நோயாளியைக் குற்றவாளியாக்குவதில் முடியும் என்று சூசன் சொன்டாக் 1978லேயே ஒரு புத்தகம் எழுதி எச்சரித்துவிட்டார். "நீ கோபப்பட்டிருந்தால் நோய் வந்திருக்காது" என்பதும் "நீ விரதம் இருந்திருந்தால் வந்திருக்காது" என்பதும் ஒரே வாக்கியத்தின் இரண்டு வேடங்கள். பெண்ணுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கிறது. அது குற்றமும் இல்லை, குறையும் இல்லை, கவிதையும் இல்லை.

*

இரத்தம் பேசிவிட்டது, முடிவு கையில் இருக்கிறது. இப்போது இரண்டாவது அநீதி தொடங்குகிறது. அதுவரை நம்பாதவர்கள் இப்போது அளவுக்கு மீறி நம்புகிறார்கள். செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம் என்று பெண்ணைக் கழித்துக்கட்ட நம்மிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. அதில் "ஏ.என்.ஏ. பாசிட்டிவ்" என்பதும் ஏறத் தொடங்கியிருக்கிறது. "பொண்ணுக்கு ரத்தத்துல ஏதோ இருக்காம்" என்ற ஒரு வரி, நிச்சயம் வரை வந்த பேச்சை நிறுத்திவிடும்.

அந்த ஒரு வரியின் பொருள் என்ன? 1997இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நோயில்லாதவர்களின் இரத்தத்தைச் சோதித்தன. சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தபோது நூற்றுக்கு 30 பேருக்கு மேல் ஏ.என்.ஏ. பாசிட்டிவ். 80 மடங்கு நீர்த்தபோதும் 13 பேர் பாசிட்டிவ். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாரையும் சோதித்தால் மாப்பிள்ளை வீட்டு வரிசையிலும் பல பேர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டு மருத்துவ அமைப்புகள் வகுத்த அளவுகோலில் ஏ.என்.ஏ. வெறும் வாசற்படி. உள்ளே போய் அறிகுறிகளும் மற்றச் சோதனைகளும் சேர்ந்து பத்து மதிப்பெண் வந்தால்தான் லூபஸ் என்று வகைப்படுத்துவார்கள். வாசற்படியில் நிற்பவளை வீட்டுக்காரி என்று எழுதிவிடாதீர்கள்.

மரபணு விஷயத்திலும் இதே கதைதான். லூபஸோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தருவது சிறு சாய்வு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றே. அவர்களில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது எவ்வளவு என்று 1992இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நூற்றுக்கு 24. அதாவது மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு நோய் வரவில்லை. சாதகக் கட்டம்போல மரபணுவைப் படிக்கிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்கட்டும்.

ஒரே மரபணு நோயை ஏறத்தாழ உறுதியாக்கும் அரிய நிலைகளும் உண்டு. சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் லூபஸ் வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறை குழந்தைக்கு வர வேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் வந்து சேர வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் சொந்தம் விட்டுப் போகாமல் கட்டிவைக்கும் குடும்பங்களில் அப்படிச் சேரும் வாய்ப்புக் கூடுதல். கட்டிவைத்தவர்கள் பெரியவர்கள். பாதிப் பங்கு தகப்பனுடையது. "இவ வயித்துல பிறந்ததாலதான்" என்ற பழி மட்டும் முழுதாகத் தாய்க்கு.

வயிறு என்றதும் இன்னொன்று. லூபஸோடு சேர்ந்தும் தனியாகவும் வரும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்கள் என்ற தன்னெதிர்ப்பான்கள் இரத்தத்தை உறையச் செய்பவை. கருவுக்குப் போகும் இரத்த ஓட்டத்தை அவை கெடுத்துக் கருவை மீண்டும் மீண்டும் கலைக்கும். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983இல் இதை விவரித்தார். கண்டுபிடித்துவிட்டால் ஆஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் கொடுத்துப் பெரும்பாலோருக்குப் பிள்ளை பிறக்கச் செய்ய முடிகிறது. மூன்று முறை கரு கலைந்தவளை நாம் எங்கே அனுப்புகிறோம்? சர்ப்ப தோஷம் கழிக்க ராமேஸ்வரம் அனுப்புகிறோம். "ராசியில்லாதவ" என்கிறோம். அவன் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறான். ஒரு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டிய வேலையை ஒரு பட்டப்பெயர் செய்து முடித்துவிடுகிறது. நம்பவே மறுத்த வாய்ச்சொல், அளவுக்கு மீறி நம்பிய சீட்டு, பார்க்கவே பார்க்காத பரிசோதனை. மூன்றிலும் இழப்பு அவளுக்குத்தான்.

*

மருத்துவர் தரும் அறிவுரையில் முதலாவது, "வெயிலில் போகாதீர்கள்". சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் நோயைக் கிளப்பும் என்பதால் அது சரியான அறிவுரை. மதுரையில் அதை யார் கடைப்பிடிக்க முடியும்? கட்டடத்தில் மண் சுமக்கும் சித்தாளும், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் நிற்பவளும், மல்லிகைத் தோட்டத்தில் வெயில் ஏற ஏற மொட்டுப் பறிப்பவளும் நிழலுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அறிவுரைக்குப் பின்னால் கூலி இல்லையென்றால் அந்த அறிவுரை வசதியுள்ளவளுக்கு மட்டும்.

இரண்டாவது, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பது. மலேரியாவுக்கு வந்த மருந்து, லூபஸின் அடித்தளச் சிகிச்சையாக நிலைத்துவிட்டது. நோய் அடங்கியிருந்தவர்களிடம் அதை நிறுத்தினால் நோய் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று கனடா ஆய்வு 1991இல் காட்டியது. 2020 மார்ச்சில் என்ன நடந்தது? கொரோனாவைத் தடுக்குமென்று மருத்துவப் பணியாளர்களுக்கு இந்த மாத்திரையை ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்தது. சில நாட்களில் கடைகளில் காணாமல் போயிற்று. அரசு மார்ச் 26 அன்று விற்பனைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப் கேட்டார், மிரட்டவும் செய்தார், ஏற்றுமதித் தடை தளர்ந்தது. கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று பிரிட்டனின் பெரிய ஆய்வு ஜூன் மாதமே அறிவித்தது. அந்த இடைவெளியில், பல ஆண்டுகளாக அந்த மாத்திரையால் நடமாடிக்கொண்டிருந்த பெண்கள் ஊரடங்கில் கடை கடையாகக் கேட்டு அலைந்தார்கள். நாட்டைக் காக்கும் மருந்தாகப் பேசப்பட்ட அந்த மாத்திரை, அதை அன்றாடம் விழுங்கும் பெண்களின் மருந்தும்கூட.

ஆகவே கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பையில் லூபஸ் மாத்திரைக்கும் இடம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் லூபஸ் இல்லை. சேர்க்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் கரு கலைந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அரசு மருத்துவமனையில் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பான் பரிசோதனை கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். ஆய்வுக்கு இரத்தம் எடுப்பவர்கள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அதோடு நிற்காமல், ஆய்வில் தெரிந்தது என்ன என்பதையும் அவளுக்குத் தமிழில் திரும்பச் சொல்ல வேண்டும். அவளிடம் சொல்ல வேண்டும். கணவனிடமோ தகப்பனிடமோ அவள் அனுமதியில்லாமல் சொல்லக் கூடாது. கல்லூரிகளில், நோயின் பெயர் தெரியும்வரை "பரிசோதனையில் இருக்கிறார்" என்ற மருத்துவரின் ஒரு வரி வருகைக் குறைவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. செலவாகும், காலமாகும், போராட வேண்டியிருக்கும். செலவில்லாதது ஒன்று இருக்கிறது. அதை இதைப் படிக்கிற நீங்கள் இன்றே செய்யலாம். உங்கள் வீட்டிலோ விடுதி அறையிலோ ஒருத்தி "முடியலடி" என்று சொன்னால், "எல்லாருக்கும்தான் முடியல" என்று பதில் சொல்லாதீர்கள். எத்தனை நாளாக, எங்கே, எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் உடன் போய், அவள் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அதற்குப் பிறகு வரட்டும். முதல் சாட்சி அவள்தான்.